கிளிநொச்சியில ஒரு கிழமை இன்டர்ன் ட்ரெயினிங்: சரக்கு நல்லம், அடுக்கினது தான் பிழை

லீவுக்கு இன்டர்ன்ஷிப் தேடுற விவசாயப் பீடப் பிள்ளையளுக்காகத் தான் இத எழுதுறன். நான் விண்ணப்பம் போடேக்க இதப்பற்றி ஆரும் ஒண்டும் எழுதி வைக்கேல்ல, கேட்ட சீனியர் அக்காவும் "நல்லது, போ" எண்டதோட நிப்பாட்டிட்டா. போய்ப் பாத்தா நல்லது தான், அதில எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா முதல் கிழமை ட்ரெயினிங் எண்டு ஒண்டு வைக்கினம் பாருங்கோ, திங்கள்ல இருந்து சனி வரைக்கும், அதப்பற்றி விரிவாச் சொல்லோணும். இரண்டு மாச வேலை முழுக்க அந்த ஆறு நாள்ல என்ன பழகிறம் எண்டதில தான் நிக்குது.

நிறுவனத்தின்ர பேர் போடேல்ல, ஆக்களின்ர பேரும் போடேல்ல. ஆரையும் குத்திக்காட்ட எழுதேல்ல, அடுத்த பிரிவில போற பிள்ளையளுக்கும் இத ஒழுங்குபடுத்துறவைக்கும் பயன்படோணும் எண்டு தான் எழுதுறன்.

வேலை என்னெண்டா, இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற கமக்காரரை வீடு வீடாப் போய்ச் சந்திச்சு விளைச்சல், உரம், தண்ணி, செலவு எல்லாம் கேட்டு டப்லெட்டில பதியிறது, கூட மேட்டுநிலக் காணியளில மண் மாதிரி எடுக்கிறது. நாங்கள் 18 பேர். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அனுராதபுரத்தில இருந்து ரெண்டு சிங்களப் பிள்ளையள், கிளிநொச்சியிலயே அறிவியல் நகர்ல படிக்கிற மூண்டு பேர், புதுக்குடியிருப்பில இருந்து நான். நான் தங்கினது கனகபுரத்தில அம்மாவின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி வீட்டில, அதால எனக்குச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கரைச்சல் இல்ல, வெளியில ரூம் எடுத்த பிள்ளையளின்ர கதை வேற, அதப் பிறகு சொல்லுறன்.

தொடங்கின நாளிலயே எனக்கு மனவருத்தம். அந்தத் திங்கள் வற்றாப்பளைப் பொங்கல். வன்னிக்கு வெளியில இருக்கிறவைக்கு இது ஒரு கோயில் திருவிழா மாதிரித் தெரியலாம், எங்களுக்கு அப்பிடி இல்ல. முல்லைத்தீவுக் கடல்ல தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயில்ல கடல் தண்ணியில விளக்கெரிச்சு, ஒரு கிழமைக்குப் பிறகு கண்ணகை அம்மன் கோயில்ல விடிய விடியப் பொங்கல் நடக்கும், எங்க எங்க இருந்தோ சனம் வரும், வெளிநாட்டில இருக்கிறவையும் அதுக்கெண்டே லீவு எடுத்து வருவினம். எங்கட வீட்டில அம்மாவுக்குப் பாற்செம்பு நேர்த்தி. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து ஊரில நிண்டா அந்த இரவு நான் கோயிலுக்குப் போகாம விட்டதில்ல. ஒரு நாள் தள்ளித் தொடங்கேலாதோ எண்டு நானும் முல்லைத்தீவுப் பிள்ளை இன்னொராளும் மெயில் போட்டுக் கேட்டனாங்கள், ட்ரெயினர் கொழும்பில இருந்து வாறார், திகதி மாத்தேலாது எண்டு ஒரு வரியில பதில் வந்தது. அண்டிரவு அம்மா போன் எடுத்துக் கோயில் பக்கம் பிடிச்சவ, மணிச் சத்தமும் சனத்தின்ர சத்தமும் தான் கேட்டது, நான் கனகபுரத்தில சின்னம்மா வீட்டு விறாந்தையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். வன்னியில ட்ரெயினிங் வைக்கிறவை வன்னியின்ர நாள்களைத் தெரிஞ்சு வைச்சிருக்கோணும், இதுக்குப் பெரிய செலவு ஒண்டும் இல்ல.

சரி, ட்ரெயினிங்குக்கு வருவம். திங்களும் செவ்வாயும் முழுக்க ஹோலுக்குள்ள தான். திங்கள் வங்கிப் புத்தகம், அடையாள அட்டைக் கொப்பி, கையெழுத்து, ஒழுக்கக் கோவை, எப்பிடி லீவு எடுக்கிறது, எப்பிடிப் பயணச் செலவு எழுதிறது. இதுகள் வேணும் தான், ஆனா அரை நாள்ல முடிக்கக்கூடிய விசயம், பின்னேரம் அஞ்சரை வரைக்கும் இழுத்தவை. செவ்வாய் எட்டுமணிக்குத் தொடங்கி ஒம்பது செஷன், ஒண்டு முடிய மற்றது, இடையில தேத்தண்ணிக்குப் பத்து நிமிசம். ஜிபிஎஸ், மெப், மண் வகை, சேம்பிளிங், எக்செல், விளைச்சல் கணக்கு எண்டு வரிசையா ஸ்லைட் ஓடிக்கொண்டே இருந்தது, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சொன்னதில ஒண்டும் எனக்கு மண்டையில நிக்கேல்ல, பக்கத்தில இருந்த மட்டக்களப்புப் பிள்ளையும் அதத் தான் சொன்னவ.

எல்லாம் இங்கிலிசில. இதில நான் நியாயமாக் கதைக்கோணும், சிங்களப் பிள்ளையள் ரெண்டு பேர் இருக்கேக்க முழுக்கத் தமிழில நடத்தேலாது, அது எனக்கு விளங்குது. ஆனா நாங்கள் போய்க் கதைக்கப் போறது கமக்காரரோட. அவை துருசு எண்டுவினம், குளம் நிரம்பினா தண்ணி வழியிற இடத்த வான் எண்டுவினம், மடை, வரம்பு, போகம், பங்கு, கட்டாக்காலி மாடு எண்டுவினம். இந்தச் சொல்லுகளுக்கு ஒரு பக்கத்தில ஒரு பட்டியல் அடிச்சு மூண்டு மொழியிலயும் எல்லாருக்கும் தந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கே கொஞ்சம் இடறினது, அவை பரப்புக் கணக்கில வளந்தவை, 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டு மனசுக்குள்ள கணக்குப் பாத்துத் தான் கேள்வி கேட்டவை. துருசு எண்டா என்னெண்டு அனுராதபுரத்துத் தம்பி கேக்க நான் கொப்பியில குளக்கட்டைக் கீறி, கட்டுக்குள்ளால தண்ணி வெளியில எடுக்கிற வாய் இது எண்டு காட்டினனான், உடன "சொரொவ்வ" எண்டு சொல்லிச் சிரிச்சவர், அவையின்ர ஊரிலயும் குளம் தானே.

ஹோலுக்குள்ள நடந்ததில உண்மையிலயே நல்லா இருந்தது நெல் இன வகுப்பு. விவசாயத் திணைக்களத்தில வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா வந்து எடுத்தவர், ஸ்லைட் ஒண்டும் இல்ல, சின்னச் சின்னப் பொலித்தீன் பையளில நெல்லக் கொண்டுவந்து மேசையில பரப்பிவிட்டார். பிஜி 300, பிஜி 352, ஏடி 362 எண்டு கடையில கேக்கிற பேருகளுக்கு என்ன அர்த்தம் எண்டு அண்டைக்குத் தான் எனக்குத் தெளிவா விளங்கினது. முன்னால இருக்கிற எழுத்து எந்த ஆராய்ச்சி நிலையத்தில உருவாக்கினது எண்டதச் சொல்லுது, பிஜி எண்டா பத்தலகொட, ஏடி எண்டா அம்பலாந்தோட்டை, பிடபிள்யூ எண்டா பொம்புவல. பின்னால வாற இலக்கம் வயசு, 250 எண்டு தொடங்கினா இரண்டரை மாசம், 300 எண்டா மூண்டு மாசம், 350இல இருந்து வாறது மூண்டரை மாசம். பிஜி 94-1 மாதிரிப் பழைய பேருகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது எண்டும் சொன்னவர். இது ஏன் முக்கியம் எண்டா, சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைஞ்ச காலத்து நெற்செய்கைக்கு, குளத்தில தண்ணி குறைவா நிண்டா மூண்டரை மாச நெல் விதைச்சவன்ர பயிர் கடைசித் தண்ணிக்கு ஏங்கும், அப்ப ஒரு கமக்காரர் என்ன இனம் விதைச்சிருக்கிறார் எண்டு கேட்டாலே அவர் தண்ணியப்பற்றி என்ன நினைச்சிருக்கிறார் எண்டு பாதி தெரிஞ்சுபோகும். அந்த ஐயாவுக்குக் குடுத்தது 45 நிமிசம் தான். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் பையால எடுத்துக் கையில தந்துகொண்டிருக்கேக்க நேரம் முடிஞ்சுது எண்டு மணி அடிச்சுப்போட்டினம். எக்செல் வகுப்பு இரண்டு மணித்தியாலம் நடந்தது.

புதன்கிழமை டப்லெட். கோபோ எண்ட ஆப்பில தான் கேள்வித்தாள், சிக்னல் இல்லாத இடத்திலயும் பதிஞ்சு வைச்சு, சிக்னல் வாற இடத்துக்கு வந்து அனுப்பலாம், வன்னிக்குள்ள வேலை செய்ய இது சரியான வசதி, இதில ஒரு குறையும் சொல்லமாட்டன். காலம ஆப்பப் பழகினம், பின்னேரம் நாங்களே கமக்காரராவும் இன்டர்னாவும் மாறி மாறி நடிச்சுப் பழகினம். நடிக்கேக்க எல்லாம் சுகமா ஓடினது. கேள்வித்தாள் எழுதினவையும் நாங்களும் ஒரே மாதிரித் தானே யோசிக்கிறம், பிறகு எப்பிடிப் பிழை பிடிபடும்.

அண்டு மத்தியானம் அம்மாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவை, இதையும் சொல்லத் தான் வேணும். மாகாண விவசாயத் திணைக்களத்தின்ர ஆதரவில எங்கட பொம்பிளையள் நடத்துற பாரம்பரியச் சாப்பாட்டுக் கடை, யாழ்ப்பாணத்திலயும் முல்லைத்தீவிலயும் வவுனியாவிலயும் கூட இருக்கு. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு அக்கா, கண்ணுக்கு முன்னால தான் சுட்டுத் தருவினம். நான் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் எடுத்தனான், கஞ்சிய ஊத்தித் தந்த அக்கா என்ர கழுத்தில தொங்கின அட்டையப் பாத்து "வயல் படிக்கிற பிள்ளையளோ, நல்லாச் சாப்பிட்டுட்டுப் போங்கோ, நாளைக்கு வெய்யிலுக்க நிக்கோணும்" எண்டு இன்னொரு அகப்பை விட்டவ. மற்ற நாளெல்லாம் ஹோலுக்கு வந்த பார்சல் சோறு, அது பரவாயில்ல ரகம், கறி ஆறிப்போய் வரும்.

இனி வியாழன். இந்த ஒரு நாளுக்காக மட்டும் மற்ற அஞ்சு நாளையும் நான் திருப்பி இருந்து கேப்பன்.

காலம ஆறரைக்கு வான்ல ஏத்தி வட்டக்கச்சிப் பக்கம் கொண்டுபோனவை. எங்கட குறூப்புக்குப் பொறுப்பா வந்தவர் களத்தில வேலை செய்யிற ஒரு அண்ணை, பதினைஞ்சு வருசமா இந்தப் பக்கத்து வயலெல்லாம் நடந்தவர். சோளகக் காத்து அடிச்சுக்கொண்டிருந்தது, வாய்க்கால்ல தண்ணி ஓடுற சத்தம், ரெண்டு பக்கமும் சிறுபோக நெல் முழங்காலளவுக்கு. இறங்கின உடன அண்ணை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டிய எடுத்தவர், இளம்பச்சையில இருந்து கடும்பச்சை வரைக்கும் கட்டம் கட்டமா நிறம் இருக்கும், இலை நிற அட்டை, நெல்லுக்கு யூரியா வேணுமோ எண்டு இலையின்ர நிறத்த ஒப்பிட்டுப் பாக்கிறது. செவ்வாய்க்கிழமை இதுக்கு ஆறு ஸ்லைட் காட்டினவை. எனக்குத் தெரியும் எண்டு நினைச்சு நான் ஒரு இலையப் புடுங்கி அட்டையில வைச்சன். அண்ணை கையப் பிடிக்காத குறையாத் தடுத்து, "பிள்ளை, புடுங்காதயுங்கோ, நிண்ட இடத்திலயே வைச்சுப் பாக்கோணும்" எண்டு சொல்லிப்போட்டு என்னைத் திரும்பி நிக்கச் சொன்னவர், சூரியன் முதுகுக்குப் பின்னால, என்ர நிழல் இலையில விழுற மாதிரி. வெயில் நேர பட்டா அதே இலை வேற நிறமாத் தெரியும், நிழல் விழ நிறம் மாறினத என்ர கண்ணாலயே பாத்தன். முழுசா விரிஞ்ச மேல் இலைய எடுக்கோணும், ஒரு வயல்ல பத்துப் பயிர் பாக்கோணும், பத்தில ஆறு வெளிறி இருந்தா அப்ப தான் யூரியா, ஒரே ஆள் ஒரே நேரத்தில பாக்கிறது நல்லம். ஸ்லைட்டிலயும் இது எல்லாம் இருந்தது தான். ஆனா முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிண்ட பிறகு இனி ஒருநாளும் மறக்காது.

வயல்கார ஐயா வரம்பில குந்தி இருந்து எங்களப் பாத்துக்கொண்டிருந்தவர், அறுவது தாண்டின ஆள். நாங்கள் பத்துப் பயிர் பாத்து முடிக்க "ரெண்டு நாளைக்குள்ள உரம் போடுவம் எண்டு தான் இருக்கிறன், அந்த மூலை முந்தியே கேக்குது" எண்டு கையக் காட்டினவர். அட்டையிலயும் அந்த மூலை தான் வெளிறி வந்தது. அட்டை பொய் சொல்லேல்ல, ஐயாவும் பொய் சொல்லேல்ல, ரெண்டும் ஒண்டாப் போன அந்த நேரம் எனக்கு உடம்பு சிலிர்த்தது, இத விட வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்ல.

பிறகு கேள்வித்தாள். இங்க தான் புதன்கிழமை நடிப்பு எல்லாம் உடைஞ்சது. நான் டப்லெட்டப் பாத்து, "ஐயா, உங்களுக்கு எத்தினை ஏக்கர் காணி" எண்டு கேட்டன். ரெண்டரை எண்டார். அடுத்த கேள்வி, இந்தப் போகம் எத்தினை ஏக்கர் செய்கை. மூண்டு எண்டார். மூண்டெண்டு அடிக்க டப்லெட்டில சிவப்பு எழுத்தில பிழை எண்டு வந்தது, சொந்தக் காணிய விடக் கூடச் செய்யேலாது எண்டு கேள்வித்தாள் எழுதினவை கட்டிவைச்சிருக்கினம். நான் திருப்பிக் கேக்க ஐயா, "பிள்ளை, நீங்கள் என்ர காணியக் கேக்கிறியளோ, இந்தப் போகம் விதைச்சதக் கேக்கிறியளோ" எண்டார். பிறகு பொறுமையா விளங்கப்படுத்தினவர். காலபோகத்துக்கு மழையும் குளமும் இருக்கும், எல்லாரும் தங்கட தங்கட காணி முழுக்க விதைப்பினம். சிறுபோகத்துக்கு அப்பிடி இல்ல, குளத்தில நிக்கிற தண்ணியப் பாத்து இந்த முறை இத்தினை ஏக்கர் தான் எண்டு கூட்டத்தில முடிவெடுத்துப் பங்கு பிரிப்பினம், ஆளாளுக்கு இவ்வளவு எண்டு வரும், பங்கு வாற இடம் எப்பவும் உங்கட காணியாத் தான் இருக்கும் எண்டில்ல. அவர் தன்ர பங்கோட தங்கச்சியின்ர பங்கையும் சேத்துச் செய்யிறார், ஒத்தி எடுத்த துண்டொண்டும் இருக்கு, மொத்தம் மூண்டு ஏக்கர். இரணைமடுவப் பற்றின கேள்வித்தாளில பங்கு எண்ட சொல்லே இல்ல. குளத்தில இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள ஹோல் எடுத்து மூண்டு நாள் இருந்திருக்கிறம், ஒருத்தரும் இதச் சொல்லித் தரேல்ல.

விளைச்சலும் அதே மாதிரி. கேள்வித்தாள் ஹெக்டயருக்கு எத்தினை கிலோ எண்டு கேக்குது. ஐயா போன காலபோகம் ஏக்கருக்கு 30 மூட்டை எண்டார். என்னோட வந்த பிள்ளை மூட்டை 50 கிலோ எண்டு நினைச்சு அடிச்சவ, 1500 கிலோ, ஒரு ஹெக்டயர் 2.47 ஏக்கர், அப்ப ஹெக்டயருக்கு 3700 சொச்சம் எண்டு வந்தது. அண்ணை பின்னால நிண்டு பாத்துப்போட்டு, "மூட்டை எத்தினை கிலோ எண்டு கேட்டனீங்களோ" எண்டார். கேக்கேல்ல. ஐயா நெல்லு மூட்டை கட்டுறது 65 கிலோ. அப்ப 4800க்கு மேல போகுது. ஒரு கேள்வி கேக்காம விட்டா ஹெக்டயருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல பிழை. இன்னும் சில பேர் புசல் கணக்கிலயும் சொல்லுவினம், ஒரு புசல் நெல் கிட்டத்தட்ட 21 கிலோ. இந்த ஒரு விசயத்த மட்டும் செவ்வாய்க்கிழமை எக்செல் வகுப்பில வைச்சுச் சொல்லியிருந்தா அந்த ரெண்டு மணித்தியாலம் பொன்னா இருந்திருக்கும்.

உரத்தப் பற்றின பகுதியில "நீங்கள் எப்போதாவது சேதன முறையில் செய்கை பண்ணியதுண்டா" எண்டு ஒரு கேள்வி. நான் வாசிச்ச மாதிரியே கேட்டன். ஐயா கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு சொன்னவர், 2021 இல இரசாயன உரம் கொண்டுவாறத நிப்பாட்டின அந்தக் காலபோகம் பாதி மூட்டை கூட வரேல்ல எண்டு. நவம்பரில தடைய எடுத்தவை தான், அதுக்குள்ள எங்கட பக்கம் விதைச்சு முடிஞ்சுது, உரம் கைக்கு வரேல்ல, வந்த இடத்தில விலை கேக்கேலாது. நகைய அடகு வைச்சது, இன்னும் ஒரு சோடி மீக்கேல்ல எண்டது வரைக்கும் சொன்னவர். சேதன முறை எண்டது அவருக்கு அந்த வருசம் தான் நினைவுக்கு வருது. இப்பிடி ஒரு கேள்விய எப்பிடிக் கேக்கிறது, கேட்ட பிறகு எப்பிடி இருந்து கேக்கிறது எண்டு எங்களுக்கு ஒரு பத்து நிமிசம் பழக்கியிருக்கோணும். நான் டப்லெட்ட மூடி வைச்சுட்டுக் கேட்டுக்கொண்டிருந்தன், அண்ணை பிறகு அது சரி எண்டு சொன்னவர்.

பின்னேரம் மண். இப்ப சொல்லப்போறது தான் இந்த ட்ரெயினிங்கில எனக்கு இருக்கிற பெரிய முறைப்பாடு, ஒழுங்குபடுத்துறவை வாசிச்சா இத மட்டுமாவது கவனத்தில எடுங்கோ.

மண் எடுக்கப் போனது கச்சான் போடுற ஒரு மேட்டுநிலக் காணி. வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்துப் பதினைஞ்சு இடத்தில மேல் பதினைஞ்சு சென்ரிமீட்டர் மண்ண எடுத்து, வரம்புக்குக் கிட்டவும் மரத்துக்குக் கீழயும் மாட்டெரு கிடந்த இடத்திலயும் எடுக்காம, சாக்கில கொட்டிக் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்க எறிஞ்சு, அரைக் கிலோ வரும் வரைக்கும் அப்பிடியே பிரிக்கோணும். நிலம் காஞ்சு இறுகி மண் துளைக்கிற ஓகர் இறங்கேல்ல, மம்பட்டியால தான் வெட்டினம். டப்லெட்டில முன்கூட்டியே புள்ளி போட்டுத் தந்திருக்கினம், கணனி தன்ர பாட்டில எழுந்தமானமாப் போட்ட புள்ளி. அதில ஒண்டு காணி எல்லைக்கு அங்கால, பத்தைக்குள்ள. அனுராதபுரத்துத் தம்பி டப்லெட்டப் பாத்துக்கொண்டு நேர நடக்கத் தொடங்கிட்டார், கையில மம்பட்டி. அண்ணை சத்தம் போட்டவர். அண்டைக்கு முழுக்க அந்த ஆள் குரல உயர்த்தினத நான் அந்த ஒரு தரம் தான் கேட்டன். "நில்லுங்கோ, அங்கால போகாதயுங்கோ, வந்த அடியிலயே திரும்பி வாங்கோ."

அந்தப் பத்தைக்குள்ள ஒண்டும் இல்லாம இருந்திருக்கலாம். சனம் புழங்கிற காணி துப்பரவாக்கிக் குடுத்தது. ஆனா ஆரும் புழங்காத பத்தைக்குள்ள போய் மம்பட்டி போடுறது வன்னியில செய்யிற வேலை இல்ல. கண்ணிவெடி, வெடிபொருள் அபாயத்தப் பற்றின வகுப்பு எங்களுக்கு எப்ப வைச்சிருந்தவை தெரியுமோ? சனிக்கிழமை காலம. களத்துக்குப் போட்டு வந்து ரெண்டு நாளைக்குப் பிறகு.

நான் புதுக்குடியிருப்புப் பிள்ளை. மீள்குடியேறி வந்து பள்ளிக்கூடம் போன நாளில இருந்து சுவரில ஒட்டின படங்களப் பாத்து வளந்தவள், தெரியாத சாமானத் தொடாத, எரிக்காத, கல்லால எறியாத, சிவப்பு அடையாளத்துக்கு அங்கால போகாத எண்டு கனவிலயும் சொல்லுவன். மண்டையோட்டுப் படம் போட்ட பலகைய நாங்கள் ரோட்டுப் பலகை மாதிரித் தான் கடந்து போய்வந்தனாங்கள். வேற மாவட்டத்துப் பிள்ளையளுக்கு அது தெரியாது, தெரியவேணும் எண்டு இல்ல, சொல்லித் தரவேண்டியது கூட்டிக்கொண்டு போறவையின்ர பொறுப்பு. 2009இல யுத்தம் முடிஞ்சு, 2017இல இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில சேந்து, அதுக்குப் பிறகும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்க வெயிலுக்குள்ள குந்தி இருந்து அடி அடியா நிலத்தக் கிளறினவையில எத்தினை பேர் எங்கட ஊர் அக்காமார். சனிக்கிழமை வகுப்பு எடுக்க வந்த அக்காவும் அப்பிடி வேலை செய்தவ தான். வகுப்பு அருமை, ஒரு மணித்தியாலத்தில எல்லாம் விளங்கப்படுத்தினவ, சந்தேகம் வந்தா நிண்ட இடத்தில நில்லு, வந்த அடிச்சுவட்டில திரும்பு, இடத்தக் குறி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லு எண்டு. அவவ திங்கள் காலம முதல் வகுப்பாப் போட்டிருக்கோணும். வங்கிப் புத்தகக் கொப்பி சனிக்கிழமை குடுத்தா ஒண்டும் நடந்துபோகாது.

வெள்ளிக்கிழமை பிரசன்டேசனும் ஒரு சின்னச் சோதினையும். நாங்கள் நாலு குறூப்பும் தனித்தனியாப் போனாலும் எல்லாரும் ஒரே பிரச்சினையத் தான் கொண்டுவந்தம், பங்கு, மூட்டை, எல்லைக்கு அங்கால போன புள்ளி. இதில அவையளப் பாராட்டத் தான் வேணும், ஒருத்தரும் முகத்தச் சுழிக்கேல்ல. கேள்வித்தாளுக்குப் பொறுப்பான அக்கா அங்கயே இருந்து எழுதி எடுத்து, சனி பின்னேரத்துக்குள்ள புது வடிவம் டப்லெட்டில ஏத்தித் தந்திட்டா. இப்ப "இந்தப் போகம் கிடைத்த பங்கு" எண்டு தனிக் கேள்வி இருக்கு, மூட்டை எத்தினை கிலோ எண்டும் கேக்குது, மண் புள்ளி காணிக்கு வெளியில விழுந்தா விட்டுட்டுக் கிட்ட உள்ள இடத்தில எடுக்கலாம் எண்டும் எழுதியிருக்கு. இன்டர்ன் பிள்ளையள் சொன்னதக் கேட்டு ரெண்டு நாளைக்குள்ள மாத்தின இடம் எனக்குத் தெரிஞ்சு இது தான் முதல்.

சில்லறை விசயங்கள். வயலுக்குப் போற நாள் பொம்பிளைப் பிள்ளையளுக்கு டொய்லெட்டுக்கு ஒரு ஒழுங்கும் செய்யேல்ல, வயல்கார ஐயா வீட்டு அம்மா தான் கூப்பிட்டு விட்டவ, எல்லாருமா ஒரு வீட்டக் கரைச்சல்படுத்தினம், முந்தியே ஒரு பாடசாலையையோ கமநல சேவை நிலையத்தையோ கேட்டு வைச்சிருக்கலாம். பயணக் காசும் சாப்பாட்டுக் காசும் மாச முடிவில தான் வரும் எண்டு வந்த பிறகு தான் சொன்னவை, வெளியில ரூம் எடுத்த பிள்ளையள் முதல் கிழமையே வீட்டுக்குப் போன் போட்டுக் காசு கேட்டவை, அதில ஒருத்தி இரவுச் சாப்பாட்டுக்கு பணிசும் பிளேன்டீயும் தான். நான் ரெண்டு நாள் சின்னம்மாவிட்டச் சொல்லிப் புட்டு கட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். முதல் கிழமைக் காசையாவது முன்னுக்குத் தரோணும், எல்லார் வீட்டிலயும் அனுப்பக்கூடிய நிலைமை இல்ல.

ஆரும் போறதெண்டா, ரெண்டு லீற்றர் தண்ணிப் போத்தலும், கழுத்து மூடுற தொப்பியும், சேறு பட்டாலும் கழுவக்கூடிய செருப்பும், வரம்பில ஏற வசதியான உடுப்பும் கொண்டுபோங்கோ. கொப்பியில பங்கு, ஒத்தி, மூட்டை, புசல் எண்டு முதல் பக்கத்திலயே எழுதி வையுங்கோ. புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கம் போறவை சனி பின்னேரம் பரந்தனுக்கு வந்து நிண்டா பஸ் எடுக்கலாம், ஆனா சனம் நெருக்கும். பாலைப்பழக் காலம் எண்டதால ரோட்டோரம் வித்துக்கொண்டிருந்தவை, நான் அம்மாவுக்கு ஒரு சுருள் வாங்கிக்கொண்டு போனன், வவுனியாப் பிள்ளையள் முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சானும் வாங்கிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டவை, அனுராதபுரத்துத் தம்பியும் அதுக்குள்ள நிண்டவர்.

புள்ளி போடச் சொன்னா அஞ்சுக்கு மூண்டரை போடுவன். வியாழக்கிழமைக்கும், நெல் கொண்டுவந்த ஐயாவுக்கும், பிழையத் திருத்தின அக்காவுக்கும் முழுப் புள்ளி. வெடிபொருள் வகுப்ப முதல் நாள் காலமைக்கும், வயலச் செவ்வாய்க்கிழமைக்கும், கேள்வித்தாளையும் எக்செல்லையும் அதுக்குப் பிறகும் மாத்தினா மிச்ச ஒண்டரையும் நானே வந்து தருவன். வாற வருசம் திகதி குறிக்க முதல் கலண்டரில வைகாசி மாசத்தத் திறந்து வற்றாப்பளைப் பொங்கல் எந்தத் திங்கள் எண்டு ஒருக்காப் பாருங்கோ, புதன்கிழமை தொடங்கினாலும் ஆறு நாள் ஆறு நாள் தான்.